மல்லாட்டைக் கொல்லையிலிருந்து கல்லீரலுக்கு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையின் இருபுறமும் கிடக்கும் கொல்லைகளில் ஒரு பிடி மண் எடுத்தால், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அதில் இருக்கவே வாய்ப்பு அதிகம். வெப்ப நாட்டு மண்ணில் அது நிரந்தரக் குடி. காய்ந்த தழை, மக்கிய வேர், செத்த பூச்சி என்று கிடைத்ததைத் தின்று காலம் தள்ளும். அதுவரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. எண்ணெயும் புரதமும் நிறைந்த ஒரு விதைக்குள் புகுந்து, சூடும் ஈரமும் தோதாக அமைந்துவிட்டால் மட்டும் அது ஒரு பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருளுக்கு மணம் இல்லை, ருசி இல்லை, கண்ணுக்கும் தெரியாது. ஆஃப்ளடாக்ஸின் என்று பெயர்.

அந்த நஞ்சின் பயணத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொல்லையில் பிறந்து, களத்தில் பெருகி, மூட்டையேறி, செக்கும் வாணலியும் கடந்து மனிதக் கல்லீரலில் போய் இறங்குகிறது. அங்கே அது செய்துவிட்டுப் போகும் காரியம் பல ஆண்டுகளுக்குப் பின் சிலருக்குப் புற்றுநோயாகிறது. அந்தச் சிலரிலும் வெகு சிலருக்கு, புற்றுக்கட்டி இரைப்பையையோ குடலையோ துளைத்து, கறுத்த மலமாக வெளியே தெரிகிறது. மலத்தில் இரத்தம் போனால் நம் ஊரில் முதலில் மூலம் என்பார்கள், அடுத்து வயிற்றுப்புண் என்பார்கள். கல்லீரலை நினைப்பவர்கள் குறைவு. கல்லீரலிலிருந்து பின்னோக்கி நடந்து களத்து மேடு வரை வந்து பார்ப்பவர்கள் அதனினும் குறைவு.

மல்லாட்டை என்று இந்தப் பகுதியில் சொல்லும் வேர்க்கடலைதான் அந்த நஞ்சைச் சுமந்து வரும் விதை. அதுவே இந்த மண்ணுக்குப் பிந்தி வந்த பயிர்தான். தென் அமெரிக்காவில் பிறந்து, கடல் கடந்து வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு மானாவாரி நிலங்களைப் பிடித்துக்கொண்டது. மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் எண்ணெய்வித்து தேவைப்பட்டது. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர் கையில் புதுச்சேரித் துறைமுகம் இருந்தது. வண்டி வண்டியாக மூட்டைகள் கடற்கரைக்குப் போயின. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை வந்த பிறகு ரயிலிலும் போயின. சீமைக்குப் போன அந்தக் காய்தான் பிறகு ஊருக்குள்ளேயே வேகவைத்த காயாக, வறுத்த பருப்பாக, சட்னியாக, கடலை மிட்டாயாக, தாளிக்கும் எண்ணெயாக, மாட்டுக்குப் புண்ணாக்காக நிலைத்துவிட்டது.

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை நினைக்காமல் இந்தப் பயிரைப் பற்றிப் பேச முடியாது. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் அங்கே வெளியிட்ட டி.எம்.வி. 2, ஏறக்குறைய நூற்றைந்து நாளில் அறுவடைக்கு வரும் ரகம். தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக அதை விதைத்தார்கள். 1967இல் டி.எம்.வி. 7 வந்தது. ஒரு சிறிய ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு விதை இவ்வளவு தூரம் போனதில் இந்தப் பகுதிக்காரர்கள் பெருமைப்பட நியாயம் இருக்கிறது. ஆகவே இனி நான் சொல்லப்போவது மல்லாட்டைக்கு எதிரான வழக்கு அல்ல. மல்லாட்டையும் இதில் பாதிக்கப்பட்ட தரப்புதான்.

பூஞ்சை காய்க்குள் நுழையும் காலம் பெரும்பாலும் காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரம். அந்த நாட்களில் மழை பொய்த்தால் மண் சூடேறும். பயிர் வாடும்போது, தன் பருப்பைக் காக்க அது வழக்கமாகச் சுரக்கும் எதிர்ப்புப் பொருட்களும் குறைந்துபோகும். ஈரம் இழந்த பருப்பால் தற்காத்துக்கொள்ள முடியாது. பூஞ்சையோ மற்ற நுண்ணுயிர்களைவிட வறட்சியையும் சூட்டையும் தாங்கும். கரையான் அரித்த ஓடு, புழு துளைத்த ஓடு, களைக்கொட்டு பட்ட ஓடு, வெயிலில் வெடித்த ஓடு எல்லாம் அதற்குத் திறந்த கதவு. செடிக்கு மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடச் சொல்லி வேளாண் துறை பரிந்துரைப்பது காய் நன்றாகத் திரள்வதற்காக மட்டும் அல்ல. அதிலுள்ள கால்சியம் ஓட்டையும் பருப்பையும் உறுதியாக்குகிறது. உறுதியான ஓட்டுக்குள் பூஞ்சை எளிதில் புகாது. டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையை மண்ணில் இட்டு இந்தக் கெட்ட பூஞ்சையை அடக்கும் முறையும் உண்டு.

காயைப் பிடுங்கிய பிறகு வருவது அதைவிடப் பெரிய ஆபத்து. மண்ணிலிருந்து வந்த காயின் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தண்ணீர். அது எட்டு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் மூட்டை பிடிக்கலாம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எத்தனை நாள் கழிகிறது என்பதைப் பொறுத்தே நஞ்சின் அளவு அமையும். பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படித் தலைகீழாக வரிசையில் பரப்பினால் காற்றும் வெயிலும் பட்டுச் சீக்கிரம் காயும். ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே புழுங்கும். இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து டிகிரிச் சூட்டில் ஈரத்தோடு புழுங்குவதைத்தான் ஆஸ்பெர்ஜில்லஸ் விரும்புகிறது. கையில் எடுத்துக் குலுக்கி, உள்ளே பருப்பு கலகலவென்று ஆடுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் இன்றும் நல்ல சோதனைதான்.

இறவையில் மார்கழி வாக்கில் விதைத்த காயைப் பங்குனி, சித்திரை வெயிலில் பிடுங்கும்போது காய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. ஆடிப்பட்டத்து மானாவாரியோ ஐப்பசியை ஒட்டிப் பிடுங்க வரும். விழுப்புரம் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வானத்தின் கீழ் ஒரு சிறு விவசாயி எங்கே கொண்டுபோய்க் காயவைப்பார்? தார்ப்பாய் இருந்தால் மூடுவார். வீட்டுத் திண்ணையில் குவிப்பார். தார்ச்சாலையில் பரப்புவார். சாலையில் காயவைப்பதைக் குறை சொல்லிப் பேசுகிறோம்; ஊருக்கு ஒரு சிமெண்டுக் களமும் அதன்மேல் ஒரு கூரையும் போட்டுத் தராதவர்கள் அப்படிப் பேசக்கூடாது என்பது என் கருத்து.

அடுத்த நிறுத்தம் கமிட்டி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அதற்குப் பெயர் கமிட்டிதான். 80 கிலோ மூட்டைக் கணக்கில் விலை போகிறது. வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்க்கிறார், உடைத்துப் பார்க்கிறார், பருப்பின் திரட்சியையும் ஈரத்தையும் பார்க்கிறார். நஞ்சைப் பார்க்க அவர் கண்ணுக்கு வழியில்லை. உடைக்கும் எந்திரத்தில் போடும் முன், பருப்பு இரண்டாகப் பிளந்துவிடாமல் இருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இந்தியாவில் பல இடங்களில் உண்டு. பாடுபட்டுக் காயவைத்த காய்க்கு அந்த இடத்தில் ஈரம் திரும்ப வந்துவிடுகிறது. ஈரத்தோடு கோணியில் கட்டிக் கிடங்கில் அடுக்கினால் மிச்சத்தைப் பூஞ்சை பார்த்துக்கொள்ளும்.

இந்த நஞ்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவுவதில்லை. பெரும்பாலான பருப்பில் எதுவுமே இருக்காது. எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் குவிந்து கிடக்கும். ஒரே ஒரு பருப்பில் கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் வரைகூட அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிராம் எடையுள்ள அப்படிப்பட்ட ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பதப்படுத்தப் போகும் பருப்புக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அந்த ஒற்றைப் பருப்பு, முப்பது கிலோவுக்கு மேற்பட்ட சுத்தமான பருப்பையும் வரம்பு மீறவைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகத் தின்னும் பருப்புக்கு மொத்த ஆஃப்ளடாக்ஸின் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான். ஆகவே ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்து மூட்டைக்கு நற்சான்று தர முடியாது. பல இடங்களில் எடுத்து, அரைத்து, கலந்து பார்க்க வேண்டும்.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்ததும் மல்லாட்டையால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. முதலில் ஏதோ வைரஸ் என்று நினைத்தார்கள். பிறகு எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவாக இருந்த தீவனத்தைத் தேடிப் போனார்கள். பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கு அது. அதிலிருந்து பூஞ்சையைப் பிரித்தார்கள். அதன் நஞ்சைப் பிரித்துப் புற ஊதா ஒளியில் காட்டியபோது நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தது. அந்தப் புண்ணாக்கைத் தின்ற எலிகளின் கல்லீரலில் கட்டிகள் வந்ததையும் சீக்கிரமே கண்டார்கள்.

நம் நாட்டுக்குப் பாடம் 1974இல் வந்தது, அதுவும் கொடுமையாக. ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பருவம் தவறிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்து பூஞ்சை பிடித்தது. பழங்குடி மக்களுக்கு வேறு தானியம் இல்லை, அதையே தின்றார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலை வந்தது, வயிற்றில் நீர் கோத்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களோடு அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் அவருடைய குழுவினரும் போய் ஆராய்ந்தார்கள். நாளொன்றுக்கு ஓர் ஆள் 2 முதல் 6 மில்லிகிராம் நஞ்சு தின்றிருக்கக் கூடும் என்று கணக்கிட்டார்கள். அவர்களுடைய பதிவில் என்னை நிறுத்தி வைத்த செய்தி ஒன்று உண்டு: சாவு பெரும்பாலும் திடீரென்று வந்தது, அதற்கு முன் இரைப்பையிலிருந்தோ குடலிலிருந்தோ பெரிய இரத்தப்போக்கு இருந்தது. கல்லீரல் கெட்டால் இரத்தம் வயிற்றுக்குள் வழியும் என்பதை ஊர் ஊராகக் காட்டிவிட்டுப் போன சம்பவம் அது.

மைசூரில் நடந்ததோ இன்னும் மனதை அறுக்கும். சத்துக்குறைவால் உடல் வீங்கிய குழந்தைகளுக்குப் புரதம் தருவதற்காக மல்லாட்டை மாவு கொடுத்தார்கள். அதில் நஞ்சு கலந்திருந்தது தெரியவில்லை. சில குழந்தைகளின் கல்லீரல் சுருங்கிப்போனது. 1971இல் அந்தச் செய்தி மருத்துவ இதழில் வந்தது. நல்லது செய்யப் போனவர்கள் கையாலேயே நஞ்சு ஊட்டப்பட்டது என்பதை இன்றும் சத்துமாவு தயாரிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

கமிட்டியிலிருந்து புறப்படும் பருப்பு பல திசையில் பிரிகிறது. திரண்ட, கறையற்ற பருப்பு ஏற்றுமதிக்கும் மிட்டாய்க்கும் போகும். சுருங்கியதும் கறுத்ததும் உடைந்ததும் ஆலைக்குப் போகும். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பங்கு எண்ணெயில் இறங்காமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெயில் வரும் கொஞ்சமும் சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடும். சுத்திகரிக்காத செக்கெண்ணெயில் தங்க வாய்ப்பு உண்டு. ஆகவே செக்கெண்ணெய் விரும்புகிறவர்கள் செக்கில் போடும் பருப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் நஞ்சின் ஒரு சிறு பங்கு உருமாறி இறங்குகிறது. பாலுக்கும் தனியே வரம்பு வைத்திருக்கிறார்கள். வறுத்தால் நஞ்சு குறையும், ஒழியாது. பிடுங்கிய அன்றே வேகவைத்துத் தின்னும் பச்சைக் காயில் இந்தப் பயம் குறைவு. கசந்த பருப்பை உடனே துப்புகிறோமே, அது நல்ல பழக்கம். ஆனால் கசக்காத பருப்பெல்லாம் சுத்தம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இனி பயணம் உடலுக்குள். சிறுகுடல் நஞ்சை எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் முழுவதும் நேரே இதயத்துக்குப் போவதில்லை; போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வழிதான். தின்றதையெல்லாம் முதலில் பார்க்கும் உறுப்பு ஆதலால் அடியும் முதலில் அதற்கே. நஞ்சை உடைத்து வெளியேற்றத் தன்னிடமுள்ள நொதிகளை அது ஏவுகிறது. ஆஃப்ளடாக்ஸின் பி1 விஷயத்தில் அந்த நொதிகள் செய்யும் வேலையே வினையாகிறது. அதுவரை அவ்வளவாகத் தீங்கில்லாத மூலக்கூறு அந்த நொதிகளின் கை பட்டதும் தீவிரமான ஒன்றாக மாறி, கல்லீரல் செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பகுதியை உடல் கட்டி வெளியேற்றிவிடும், சிறுநீரில் போய்விடும். ஒட்டிய இடத்தைச் செல் பழுது பார்க்கும். பழுது பார்த்ததில் எங்கோ ஓர் எழுத்துப் பிழை தங்கினால் போதும்.

அந்தப் பிழை எங்கே தங்குகிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள். 1991இல், சீனாவின் சீதோங் பகுதியிலும் தென்னாப்பிரிக்காவிலும் கல்லீரல் புற்றுநோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், பி53 என்ற மரபணுவில் ஒரே இடத்தில், 249ஆம் குறியீட்டில், ஒரே விதமான மாற்றம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டன. பி53 செல்லின் காவல் மரபணு. கெட்டுப்போன செல் பெருகாமல் தடுப்பது அதன் பொறுப்பு. நஞ்சு உடலை விட்டுப் போய்ப் பல ஆண்டு ஆன பிறகும் அதன் கைரேகை இப்படி மிஞ்சுகிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இலேயே ஆஃப்ளடாக்ஸினை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

ஆனால் இந்த நஞ்சு தனியாகப் பயணம் செய்வதில்லை. ஷாங்காய் நகரத்தில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. சிறுநீரில் ஆஃப்ளடாக்ஸின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் மூன்று மடங்கு. ஹெபடைடிஸ் பி கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு. இரண்டும் சேர்ந்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய அறுபது மடங்கு. கூட்டினால் வரும் எண்ணும் அல்ல, பெருக்கினால் வரும் எண்ணும் அல்ல, அதற்கும் மேலே. இந்தியாவில் நூறு பேரில் மூன்று பேர் அளவில் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமக்கிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. பலருக்குத் தாங்கள் சுமப்பதே தெரியாது.

அந்தக் கிருமி சிலருக்குக் காமாலையாக வெளிப்படும். காமாலை என்றதும் இந்தப் பகுதியில் கை கீழாநெல்லியைத் தேடும். அந்தச் செடிக்கும் ஒரு சென்னை வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்தால் கிருமி மறைகிறது என்று 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்த விளைவு கிடைக்கவில்லை. செடியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் காமாலை தானாகத் தெளிந்த பிறகு, கிருமி உடலில் தங்கியிருக்கிறதா என்று ஒரு இரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து. தடுப்பூசியோ உறுதியான காவல். அதை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். அதற்கு முன் பிறந்தவர்களில் ஊசி போடாதவர்கள் இன்னும் ஏராளம்.

சாராயம், ஹெபடைடிஸ் சி, சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரல் என்று வேறு பாதைகளும் இதே இடத்துக்கு வருகின்றன. ஒரு நோயாளியின் கட்டியைக் காட்டி இது மல்லாட்டையால் வந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரிசிச் சோறு தின்னும் நமக்கு, மக்காச்சோளமே முழு உணவாக இருந்த சீதோங் மக்களுக்கு இருந்த அளவுக்கு நஞ்சு சேரவும் வாய்ப்பில்லை. அவர்களே மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறிய பிறகு கல்லீரல் புற்றுச் சாவுகள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஏற்கெனவே புண்பட்ட கல்லீரல் உள்ளவருக்கு இந்த நஞ்சு கூடுதல் பாரம் என்பதுதான் கவலை.

புண்பட்டு ஆறி, புண்பட்டு ஆறி, கல்லீரல் தழும்பேறிச் சுருங்குகிறது. அதனுள்ளே இரத்தம் ஓட வழி குறுகுகிறது. மதகை அடைத்த ஏரியில் தண்ணீர் கரையின் பலவீனமான இடங்களைத் தேடுவதைப்போல, போர்ட்டல் சிரையில் தேங்கிய இரத்தம் உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேலும் உள்ள மெல்லிய சிரைகளுக்குள் ஏறுகிறது. அவை புடைத்து ஒருநாள் வெடிக்கின்றன. கல்லீரல் புற்றுநோயாளி இரத்தவாந்தி எடுத்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். புற்றுக்கட்டியே போர்ட்டல் சிரைக்குள் வளர்ந்து அடைத்துவிட்டால் அழுத்தம் திடீரென்று இன்னும் ஏறும்.

இனி சொல்பவைதான் இரத்தம் குடலுக்குள் வரும் அரிய வழிகள். கட்டி பித்தநாளத்துக்குள் வளர்ந்து இரத்தம் கசிந்தால், அது பித்தத்தோடு சேர்ந்து முன்சிறுகுடலில் இறங்கும். மேல்வயிற்றின் வலப்புறம் வலி, காமாலை, மலத்தில் இரத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைக் குவிங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1871இலேயே விவரித்திருக்கிறார். மற்றொரு வழி இன்னும் நேரானது. கல்லீரலின் இடது மடலுக்கு அடியில் இரைப்பை. வலது மடலுக்கு அடியில் முன்சிறுகுடலும் பெருங்குடலின் வளைவும். மேற்பரப்பில் வளர்ந்த பெரிய கட்டி அக்கம்பக்கத்து உறுப்போடு ஒட்டிக்கொண்டு, சுவரை அரித்து, உள்ளே எட்டிப்பார்க்கிறது. கல்லீரல் புற்றுநோயாளிகளில் இப்படி இரைப்பைக்குள்ளோ குடலுக்குள்ளோ கட்டி நுழைவது 0.5 முதல் 2 சதவீதம் பேருக்கு மட்டுமே என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இரத்தம் நிறைந்த கட்டி ஆதலால், நுழைந்தால் கசிவு நிற்காது.

வெளியே தெரிவது என்ன? கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு மலம் போகும். இரத்தம் குடலில் செரிமானமாகிவிடுவதால் சிவப்பாக இருக்காது. ஆகவேதான் இரத்தம் என்றே தோன்றாமல் போகிறது. இரும்புச்சத்து மாத்திரை தின்றாலும் மலம் கறுக்கும். அதனால் பலர் பொருட்படுத்துவதில்லை. தலைசுற்றல், களைப்பு, நடந்தால் மூச்சு வாங்குதல் என்று சோகையின் அடையாளங்கள் சேரும். "உடம்பு சூடு, இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். மருத்துவமனையில், "பெரியவரே, வெளிக்குப் போறது கறுப்பா போகுதா?" என்று மருத்துவர் கேட்கும்போதுதான், ஆமாம், ஒரு மாசமாவே என்று பதில் வரும். அந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்த முடிந்தால் எவ்வளவோ நல்லது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலை, ஊருக்குள் நுழையும் முன் கோரிமேட்டில் ஜிப்மரைத் தொடுகிறது. 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. மூட்டைகள் துறைமுகத்துக்குப் போன திசையிலேயே இன்று நோயாளிகள் போகிறார்கள். விழுப்புரத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010 முதல் இருக்கிறது. இரத்தவாந்தியோ கறுத்த மலத்தோடு மயக்கமோ வந்தால் 108ஐ அழைக்க யோசிக்கவே கூடாது.

எண்டோஸ்கோபிக் குழாய் உள்ளே போகும்போது மருத்துவர் தேடுவது புடைத்த சிரையை அல்லது புண்ணை. சிரை என்றால் ரப்பர் வளையம் மாட்டிக் கட்டிவிடலாம். அதற்குப் பதிலாக முன்சிறுகுடலின் சுவரில் ஒரு கட்டி எட்டிப்பார்த்தால், அது அங்கேயே பிறந்த குடற்புற்று என்று எண்ணத்தான் முதலில் தோன்றும். திசுவை எடுத்துப் பார்த்தால் கல்லீரல் செல்கள். ஸ்கேனில் கல்லீரலும் குடலும் ஒட்டிக் கிடப்பது தெரியும். இந்தக் கசிவை எண்டோஸ்கோபியால் நிறுத்துவது கடினம். கல்லீரலின் இயல்பான திசுவுக்குப் போர்ட்டல் சிரை சோறு போடுகிறது; கட்டிக்கோ பெரும்பாலும் தமனிதான். அந்த வேற்றுமையே மருத்துவருக்குக் கிடைத்த பிடி. தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் தமனிக் கிளையை மட்டும் அடைத்தால் கசிவு நிற்கலாம். இடது மடலில் மட்டும் கட்டி இருந்து, மீதிக் கல்லீரல் தாங்குமானால் வெட்டி எடுக்கவும் முடியும். பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டியிருக்கும். குடலைத் துளைத்த பிறகு வாழ்நாள் மாதக்கணக்கில்தான் என்பதைச் சொல்லும் கடமை மருத்துவருக்கு வந்து சேர்கிறது.

அதற்கு வெகு முன்பே பிடிக்க வழி இருக்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் அபாயம் மிகுந்தவர்களும், கல்லீரல் சுருங்கியவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் செய்துகொண்டால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் கட்டி தெரிந்துவிடும். அந்த அளவில் முழுதாகக் குணப்படுத்தும் சிகிச்சைகள் உண்டு. வலி இல்லையே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறார்கள். வலி வரும் வரை காத்திருக்கும் நோய் அல்ல இது.

இன்னும் முன்னே போனால் களம்தான். ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனம் ஆஃப்ளடாக்ஸினைக் குறைந்த செலவில் அளக்கும் சோதனைக் கருவிகளை உருவாக்கியிருக்கிறது. பூஞ்சைக்கு இடம் கொடாத மல்லாட்டையை மரபணு வழியில் உருவாக்கும் ஆராய்ச்சியின் முடிவும் 2018இல் வந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் நஞ்சு சுரக்காத ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகளையே வயலில் தூவி, நஞ்சு சுரக்கும் வகைகளை ஒதுக்குகிறார்கள். அறிவு இருக்கிறது, கருவி இருக்கிறது. நம் கமிட்டிகளில் நச்சில்லாத காய்க்கென்று தனி விலை இல்லை. ஈரம் மிகுந்தால் விலை குறைப்பார்கள், அவ்வளவே. காயை இன்னும் இரண்டு நாள் உலர்த்தி, கறுத்ததைப் பொறுக்கி எறிந்த விவசாயியின் மூட்டைக்கு எடைதான் குறைகிறது. அந்த நட்டத்தை இன்றைக்கு அவரே ஏற்கிறார். சோதித்து, தேறிய மூட்டைக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டிக் கொடுத்தால் அந்த இரண்டு நாளை அவர் தயங்காமல் கொடுப்பார். அந்தச் சில ரூபாயை விற்பனைத் துறை கொடுப்பதா, சுகாதாரத் துறை கொடுப்பதா என்பது எனக்கு முக்கியமில்லை. அடுத்த ஐப்பசிக்குள் திண்டிவனத்துக் கமிட்டியிலாவது அதைத் தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன்.